மேனியா, பேயா? பாஸ்டன் பண்ண டிரேடு

2008 ஜூலை 31ல பாஸ்டனோட பேஸ்பால் டீம் ரெட் சாக்ஸ், மேனி ராமிரெஸை லாஸ் ஏஞ்சலஸ் டீம் டாட்ஜர்ஸுக்குத் தள்ளிவிட்டுட்டு, பிட்ஸ்பர்க் டீம் பைரேட்ஸ்கிட்ட இருந்து ஜேசன் பேங்கிற ஆட்டக்காரரை வாங்குச்சுல்ல, அதுல யாருக்கு லாபம்?

மேனி 2004 வேர்ல்ட் சீரிஸ்ல, அதாவது பேஸ்பால் சீசனோட ஃபைனல்ல, எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்), அதுல டவுட்டே இல்ல. 2005ல மேட்ச் நடக்கும்போதே பாஸ்டன் மைதானத்தோட உயரமான கிரீன் மான்ஸ்டர் சுவத்துக்குள்ள போய்ட்டு வந்தாரே, அப்ப எல்லாரும் "அதான்பா மேனி"ன்னு சிரிச்சாங்க. ஆனா 2008 ஜூன்ல டிக்கெட் தகராறுல டீமோட பயண ஏற்பாட்டப் பாக்குற வயசான டிராவல் செக்ரட்டரியவே கீழ தள்ளிவிட்டதும், அப்புறம் முட்டி வலின்னு உட்கார்ந்ததும் சேர்ந்து, அதே ஆளுங்கள்ல பாதிப்பேர் போய்த் தொலையட்டும்னுட்டாங்க.

பே அலட்டாத ஆளு. பாஸ்டனுக்கு வந்தப்புறம் அந்த சீசன்ல 49 மேட்ச்ல 9 ஹோம்ரன் (வேலியத் தாண்டுற அடி), 2009ல 36.

அங்க டாட்ஜர்ஸ்ல மேனி? அதே 2008ல 53 மேட்ச்ல 17 ஹோம்ரன், பேட்டிங் ஆவரேஜ் 0.396! லாஸ் ஏஞ்சலஸ்ல ஜனங்க மேனி மாதிரியே சடைமுடி விக் மாட்டிக்கிட்டு ஸ்டேடியத்துக்கு வந்தாங்க (வெயில்ல எப்படித்தான் தாங்குனாங்களோ). 2009 மே மாசம் ஊக்கமருந்து விஷயத்துல 50 மேட்ச் தடை வந்துச்சு, திரும்பி வந்தப்பவும் அதே கைதட்டல்தான்.

நான் பே பக்கம். ஆனா 2008 அக்டோபர்ல வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தின சுத்துல, டாம்பா பே ஊர் டீம்கிட்ட ரெட் சாக்ஸ் ஏழாவது மேட்ச்ல 3-1னு தோத்தப்ப, மேனி இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு எனக்கும் தோணுச்சு.