முதல் பாய்மரப் படகாக வேஃபேரர்

ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகு ஓட்டி மகிழ்ந்த எங்கள் குடும்பத்துக்கு, முதல் பாய்மரப் படகாக நான் தேர்ந்தெடுத்தது வேஃபேரர். 1957-இல் இயன் ப்ராக்டர் வடிவமைத்த இப்படகு, 4.82 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 170 கிலோ எடையும் கொண்டது என்பதால், சேலத்தில் வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்து, காருக்குப் பின்னால் டிரெய்லரில் பூட்டிக் கடற்கரை வரை இழுத்துச் செல்ல முடிகிறது. அடியில் இறங்கும் நடுப்பலகையைத் தூக்கிவிட்டால், முழங்காலளவு நீரிலேயே குழந்தைகளை ஏற்றிக்கொள்ளலாம். அகன்ற உடலமைப்பால் காற்று சற்று வலுத்தாலும் சட்டென்று சாய்ந்துவிடுவதில்லை என்பதே என் மனைவியின் அச்சத்தைப் போக்கியது. தனியாகச் செல்லும் நாள்களில் பெரிய பாயைச் சுருக்கிக் கட்டிய பிறகே கிளம்புகிறேன், ஏனெனில் கவிழ்ந்தால் ஒருவராக நிமிர்த்துவது எளிதன்று. கரையேற்ற இன்னோர் ஆள் வேண்டும். வெறும் உடல் 59 கிலோவே உள்ள லேசர் என்ற சிறு பாய்மரப் படகு தனி ஆளுக்கு ஏற்றதுதான். ஆயினும் அதில் பிள்ளைகளுக்கு இடமில்லை.