யுங்கின் தூரிகையும் உளியும்

உளவியல் முன்னோடி கார்ல் யுங்கின் கலையை அறிய இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, அவர் 1915 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ 16 ஆண்டுகள் எழுதி வரைந்த சிவப்பு நூல். மற்றொன்று, சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரிக்கரையில், பொலிங்கன் என்ற ஊரில் அவர் செதுக்கிய கற்கள்.

சிவப்பு நூல் கண்ணைப் பறிக்கிறது. இடைக்கால ஏட்டுச்சுவடி போன்ற எழுத்து, பாம்புகள், மண்டலங்கள் எனும் வட்டக் கோலங்கள், அடர்ந்த நீலமும் பொன்னிறமும். தம் மனத்தின் ஆழத்தில் எழுந்த காட்சிகளை அவர் இவ்வளவு பொறுமையாகத் தீட்டியது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால், இதைக் கலை என்று ஏற்க அவரே மறுத்தார். அவர் 1961இல் மறைந்த பிறகும் நெடுங்காலம் வெளிவராமல் இருந்து, 2009இல்தான் அச்சேறியது.

கல் வேறு வகை. 1950இல் மதில் கட்ட முக்கோணக் கல் கேட்டார். வந்து இறங்கியதோ கனசதுரக் கல். கொத்தனார் கோபத்தோடு திருப்பி அனுப்பப் பார்த்தார். யுங் விடவில்லை, அதுவே தம் கல் என்றார். பிறகு, விளக்கேந்திய சிறு உருவம் ஒன்றையும் கிரேக்க, லத்தீன் வரிகளையும் அதில் பொறித்தார். அப்போது அவருக்கு வயது 75.

அச்சுப் பிரதி இருப்பதால் நூலைப் பார்ப்பது எளிது. எனினும் என் மனம் கல்லின் பக்கமே சாய்கிறது. நூலில் கொந்தளிக்கும் மனம் அங்கே அமைதி கொண்டிருக்கிறது.