‘எம்எஸ் 63’ என்று விற்ற 1918 பம்பாய் சவரன்: வாங்குமுன் படியுங்கள்

முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. பின்பக்கம் குதிரை வீரன், கீழே 1918, வருடத்துக்கு மேலே தரைக்கோட்டின் நடுவில் பொடியாக ஆங்கில ‘ஐ’ எழுத்து. பம்பாயில் அடித்த சவரன், அதாவது பிரிட்டிஷ் தங்கக் காசு. இணையத்தில் விற்பவர் ஒருவர் இதைப் பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து, ‘அன்சர்குலேட்டட், எம்எஸ் 63’ என்று லேபிள் ஒட்டி விற்றார். அன்சர்குலேட்டட் என்றால் புழங்காத காசு, எம்எஸ் (மின்ட் ஸ்டேட்) என்பது அந்தத் தரத்தின் குறி, 63 அதன் எண். எங்கள் சேகரிப்பாளர் வட்டத்தில் ஒருவர் தங்க மதிப்புக்கு மேல் நல்ல தொகை கொடுத்து வாங்கினார். வந்தது, ஒரு காலத்தில் டாலராகச் சங்கிலியில் தொங்கிய காசு. வளையத்தை எடுத்து, விளிம்பை அராவி, மெருகு போட்டு உள்ளே வைத்திருக்கிறார்கள். காசு அசல், தங்கமும் 22 கேரட். தரம் மட்டும்தான் பொய். அதனால்தான் உரசிப் பார்த்தாலும் மெஷினில் காட்டினாலும் பிடிபடவில்லை.

நம் ஊரில் சவரன் காசு அதிகம் கிடந்தது கல்லாப்பெட்டியில் இல்லை, கழுத்தில். காசுமாலை, டாலர், குழந்தை அரைஞாண் என்று பற்றுப்பொடி வைத்து ஊதி வளையம் பற்றவைத்த காசுகள்தான் இன்று சந்தைக்கு வருகின்றன. அதனால் முதலில் பார்க்க வேண்டியது முகத்தை இல்லை, விளிம்பை. மணிக்கூண்டுக் கணக்கில் 12 மணி இடத்தில், அதாவது ராஜா தலைக்கு நேர் மேலே, பத்து மடங்கு லென்ஸ் வைத்துக் காசை மெதுவாகச் சுற்றுங்கள். பக்கவாட்டில் இருக்கும் வரிகள் எல்லா இடத்திலும் ஒரே ஆழமாக, ஒரே இடைவெளியில் ஓட வேண்டும். இந்தக் காசில் சுமார் மூன்று மில்லிமீட்டருக்கு வரிகள் பாதி அடைபட்டு, அதன்மேல் அரத்தால் புதிதாகக் கீறிவிட்டிருந்தார்கள். அசல் வரியின் அடிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். அரம் போட்ட வரியின் அடியில் சிராய்ப்பு தெரியும். அந்த இடத்தின் நிறமும் காட்டிக்கொடுத்தது: காசு முழுக்கச் செம்பொன், அங்கே மட்டும் வெளிறிய மஞ்சள். சூட்டில் மேல்புறச் செம்பு கருத்து, அதை அமிலத்தில் போட்டு எடுத்தால் இப்படித்தான் வெளுக்கும்.

கையோடு விளிம்பை முழுச்சுற்றும் பார்த்துவிடுங்கள். எங்கேயாவது சின்னதாகத் தட்டையாக இருந்தால் அது உரைகல்லில் உரைத்த தழும்பு. பத்தர் தங்கத்தைச் சோதித்தது சரிதான், ஆனால் சேகரிப்பாளருக்கு அது சேதம்.

பொடி வைத்ததா என்று சந்தேகம் தீரவில்லையென்றால், ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ஆர்எஃப் (எந்த உலோகம் எவ்வளவு என்று எக்ஸ் கதிரால் காட்டும் மெஷின் சோதனை) எடுக்கும்போது காசின் நடுவில் மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். விளிம்பில் 12 மணி இடத்திலும் ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள். இந்தக் காசில் தங்கத்தோடு கலந்தது செம்பு. விளிம்பில் கேட்மியமோ துத்தநாகமோ தலைகாட்டினால் அது பற்றுப்பொடி. வேறு விளக்கம் தேட வேண்டாம்.

அடுத்தது மெருகு. அச்சில் அடித்த உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடிப் பரவியதால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் சக்கரத்தின் ஆரக்கால்போலக் காசில் பதிந்திருக்கும். புழங்காத காசை ஒரே ஒரு பல்பின் கீழ் சாய்த்துச் சுழற்றினால் வெளிச்சம் சக்கரம் சுற்றுவதுபோல் ஓடும். சேகரிப்பாளர்கள் லஸ்டர் என்பது இதைத்தான். மெருகு போட்ட காசிலும் பளபளப்பு இருக்கும், சக்கரம் ஓடாது. கண்ணாடித் துண்டுபோல் ஒரே பக்கம் பளிச்சென்று அடித்துவிட்டு அணைந்துவிடும். கூடவே ஒரே திசையில் போகும் மெல்லிய கீறல்கள் தெரியும். மூட்டையில் காசும் காசும் மோதி வந்த வெட்டுகள் வேறு. அவை ஆழமாக, திசையில்லாமல் சிதறிக் கிடக்கும். அவற்றால் எம்எஸ் தரம் போய்விடாது, எண் குறையும், அவ்வளவுதான். மெருகுக் கீறலுக்கு எண்ணே கிடையாது. காசைத் தரம் பார்த்து எண் போடும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் ‘சுத்தம் செய்யப்பட்டது’, ‘மவுன்ட் எடுத்தது’ என்று காரணம் எழுதி, எண் போடாமல் ‘டீட்டெய்ல்ஸ்’ என்று மட்டும் குறித்து அனுப்பிவிடும்.

தேய்மானம் முதலில் விழுவது மேடான இடங்களில். ராஜாவின் மீசை, புருவம், காதுக்கு மேல் முடி. பின்பக்கம் வீரனின் தொடை, குதிரையின் தோள். அந்த மேடுகளில் மட்டும் நிறம் மங்கி லஸ்டர் அறுந்திருந்தால் அது ஏயூ, அதாவது கிட்டத்தட்டப் புழங்காதது, எண் 50 முதல் 58 வரை. எம்எஸ் 60-இல்தான் தொடங்குகிறது. மேடு மழுங்கியிருந்தும் லஸ்டர் அதன்மேல் தடையில்லாமல் ஓடினால் அது தேய்மானம் இல்லை, அச்சு சரியாக விழாதது. இந்தக் காசில் மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மின்னின. ராஜாவின் கழுத்து முடியும் வெட்டில் சிற்பி மெக்கன்னலின் ‘பி.எம்.’ எழுத்துகளின் ஓரம் கரைந்திருந்தது. இயற்கையாகத் தேய்ந்த காசில் மீசை போன பிறகுதான் அந்த எழுத்து போகும். மீசை நன்றாக இருந்து எழுத்து கரைந்தால் மெருகு போடும் துணிச்சக்கரம் பட்டிருக்கிறது.

எடை இன்னும் தெளிவாகப் பேசும். சவரனின் சட்டப்படியான எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர். புழங்கித் தேய்ந்தாலும் 7.938-க்குக் கீழே போனால் அந்தக் காலத்தில் செல்லாது. புழங்காத காசு என்றால் 7.98-ஐ ஒட்டி நிற்க வேண்டும். இது 7.95 நின்றது. நகைக்கடைக் கணக்கில் பவுன் எட்டு கிராம் என்பதால் 8.03, 8.05 காட்டும் காசைச் சிலர் சந்தோஷமாக வாங்குகிறார்கள். அது போலியாகவோ பொடி ஒட்டியதாகவோ இருக்கும். தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்ப்பவர்கள் 0.001 கிராம் காட்டும் தராசு வையுங்கள். எடைக்குறைவு 0.456 வாக்கில் வர வேண்டும், அடர்த்தி 17.5. இரண்டு தசமத் தராசில் 0.45-க்கும் 0.46-க்கும் நடுவிலேயே விடை தொலைந்துவிடும்.

இத்தனையும் செய்யப் பெட்டியை உடைக்க வேண்டுமே! பொறியே அங்கேதான். ‘சீல் உடைத்தால் திரும்பப் பெற மாட்டோம்’ என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. உடைக்காமல் எடை தெரியாது, பெட்டியின் பிளாஸ்டிக் வளையம் காசின் பக்கவாட்டை மறைத்திருக்கும். உடைத்தால் பணம் போச்சு. லேபிளில் இருந்த நிறுவனத்தின் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. தெரிந்த நிறுவனத்தின் பெட்டியாக இருந்தாலும் சான்று எண்ணை இணையத்தில் போட்டு, அங்குள்ள படத்தில் இருக்கும் வெட்டுக்காயங்களைக் காசோடு ஒப்பிடுங்கள். எண்ணை யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம், காயத்தை முடியாது.

புகார் சொன்னதும் விற்றவர் சொன்ன பதில், ‘சந்தேகம் இருந்தால் அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடு பண்ணிக்கொள்ளுங்கள்.’ 1918 காசுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருள், தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இது தெரிந்தே சொல்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

போலியைப் பற்றி ஒன்று. லண்டன் நாணயச்சாலை ஐந்தாம் ஜார்ஜ் சவரனை அடித்தது 1911 முதல் 1917 வரை, பிறகு 1925-இல். 1918 போட்டு, தரைக்கோட்டில் எழுத்தே இல்லாமல் வந்தால் கையில் வாங்கவே வேண்டாம். சரியான தங்கத்திலேயே அடித்த பழைய போலிகள் உண்டு. லெபனான் நாட்டுப் பெய்ரூத் சரக்கு அதில் பேர்போனது. எக்ஸ்ஆர்எஃப் 91.6 காட்டுவதால் காசு அசலாகிவிடாது.

இனி இணையத்தில் வாங்கினால் நேர்மேலிருந்து எடுத்த படத்தை நம்பாதீர்கள், அதில் கீறல் தெரியாது. ஒற்றை பல்பின் கீழ் காசைச் சாய்த்துச் சுழற்றும் வீடியோ கேளுங்கள், பக்கவாட்டு முழுச்சுற்றும் அதில் வர வேண்டும். தர மறுத்தால் தங்க மதிப்புக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். 1918 பம்பாய் அரிய காசும் இல்லை, இன்னொன்று வரும். பில்லில் ‘வளையம் வைத்ததில்லை, மெருகு போட்டதில்லை, தவறானால் பணம் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி வாங்குங்கள். பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்த பில்லும் வீடியோவும் கையில் இருந்தால் அங்கே பேச்சுக்கு எடை உண்டு.