கொழுந்து மலையில் பிவிசி ரெயின்கோட்: பல பருவங்கள் போட்டுப் பார்த்த பிறகு

மே முதல் செப்டம்பர் வரை இலங்கையின் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்து மலைகளில் ரெயின்கோட் இல்லாமல் தேயிலைக் கொழுந்து பறிக்க முடியாது. கடைகளில் அதிகம் கிடைப்பது பிவிசி பூசிய தடித்த ரகம். மழையைத் தடுப்பதில் அதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கழற்றும்போது உள்சட்டை பிழியப் பிழிய ஈரமாக இருக்கும். உடனே "கோட் ஒழுகுது" என்பார்கள். கோட்டின் கைக்குள் தண்ணீர் ஊற்றி, நுனியை முறுக்கிப் பிடித்துப் பாருங்கள். தையலில் துளிர்த்தால் ஒழுக்கு. துளிர்க்காவிட்டால் அந்த ஈரம் வியர்வை.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ கொழுந்தோடு 100 மீற்றர் உயரம் ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை சுமார் 78 கிலோஜூல். தசையின் திறன் 20 முதல் 25 வீதம்தான். 25 என்றே வைத்தாலும் உடல் செலவழிப்பது 314 கிலோஜூல். அதில் 235 வெறும் வெப்பம். அது வெளியேறாமல் நின்றால் உடல் வெப்பநிலை ஒரு பாகைக்கு மேல் ஏறிவிடும். ஒரு கிராம் வியர்வை ஆவியாக 2.4 கிலோஜூல் எடுக்கும் என்பதால், வியர்வை மட்டுமே இந்த வெப்பத்தைக் கொண்டுபோவதென்றால் ஏறக்குறைய 100 கிராம் ஆவியாக வேண்டும். பிவிசி ஆவியை விடாது. குளிர்ந்த உட்புறத்தில், சோற்றுப்பானை மூடியின் அடியில் போல, நீர் கோத்துச் சட்டையில் இறங்கும்.

கோட்டின் எடையைப் பார்த்துத் தயங்குபவர்கள் உண்டு. 80 கிலோவோடு இன்னொரு கிலோ சேர்ந்தால் ஏற்றச் செலவு எண்பதில் ஒரு பங்குதான் கூடும். எடை ஒரு பொருட்டே இல்லை, காற்றோட்டம்தான் பொருட்டு.

செடி நிரையில் நின்று பறிக்கும்போது கதை வேறு. உடல் எரிப்பது கொஞ்சம், வெளியே குளிர். கழுத்துவரை பொத்தான் போட்டால் இதமாக இருக்கும். சாக்கைத் தலையில் மாட்டி ஏறத் தொடங்கும் முன் மேல் பொத்தான்களைத் திறந்துவிடுங்கள், வியர்த்த பிறகு அல்ல. நேர்ச் சரிவை விட்டுக் குறுக்குப் பாதையில் ஏறுங்கள். உயர்த்தும் வேலை குறையாது. நிமிடத்துக்கு வெளிவரும் வெப்பம் குறையும். கவ்வாத்து வெட்டும்போது, அதாவது தேயிலைச் செடியின் கிளைகளைத் தறிக்கும்போது, இந்தக் கோட்டைப் பூட்டிக்கொண்டு நிற்பது தண்டனை.

அதிகம் கவனிக்கப்படாதது படங்கு, அதாவது இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு. அதைக் கோட்டுக்கு மேல் இடுப்பில் இறுக்கிக் கட்டினால் கீழிருந்து காற்று நுழையும் வழி அடைபடும், கழுத்து திறந்திருந்தும் பயனில்லை. படங்கை முதலில் கட்டி, கோட்டை அதன்மேல் தளர்வாக விடுங்கள். மழைநீரும் படங்குக்கு வெளியே வடியும். அக்குளில் வெட்டிய துவாரங்கள் உள்ள கோட் கிடைத்தால் அதையே எடுங்கள். நாமே வெட்டினால் ஓரம் கிழிந்துகொண்டே போகும். வெட்டுமுன் சுற்றிலும் பிவிசி ஒட்டுத்துண்டு போடுவது அவசியம்.

உண்மையான குளிர் மலையில் இல்லை, மடுவத்தில் நிறுவைக்கு நிற்கும்போதுதான். ஏறுவதை நிறுத்தியதும் உடல் சுரக்கும் வெப்பம் சட்டெனக் குறைந்துவிடும்; ஈரச் சட்டை மட்டும் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். காய்ந்த சுவெட்டர் ஒன்றைப் பொலித்தீன் பையில் கொண்டுபோய், ஈரச் சட்டையைக் களைந்துவிட்டுப் போடவேண்டும். ஈரத்துக்கு மேல் போட்டால் அதுவும் நனையும்.

பழைய கம்பளி இந்த விடயத்தில் மேல். ஆவியைக் குடிக்கும், நனைந்தும் ஓரளவு சூடு தரும். ஆனால் அடைமழையில் ஊறினால் சுமையாகிவிடும். தூறலும் பனிமூட்டமும் உள்ள நாட்களுக்கு அதுவே போதும். ஜூலை, ஆகஸ்டில் ஊவாப் பக்கம் வீசும் வறண்ட காற்றில் இரண்டும் தேவையில்லை.

கோட்டை அடுப்புக்கு மேல் காயப்போடாதீர்கள். பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் சேர்மம் சூட்டில் வெளியேறி, முதலில் முழங்கை மடிப்பும் பிறகு அக்குளும் வெடிக்கும். பச்சைத் தண்ணீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல் கொடியில் நிழலில் போட்டால் போதும். பியூ (பாலியூரித்தேன்) பூச்சுள்ள மெல்லிய ரகத்தை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உட்பூச்சு பிசுபிசுத்துச் செதிலாக உரியும்; அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது.