கீகேடா, ஈஸிஈடிஏவா?

ஜாலான் பாசாரில் மின்னணுப் பாகங்கள் வாங்கியாச்சு. சர்க்யூட்டை எதில் வரைவது? கீகேட் (KiCad), ஈஸிஈடிஏ (EasyEDA) இரண்டுமே சர்க்யூட்டும் போர்டும் வரையும் மென்பொருள்கள்.

செலவு: இரண்டுக்கும் ஒரு சென்கூட வேண்டாம்.

தொடங்க: ஈஸிஈடிஏ பிரௌசரிலேயே திறக்கும், கணக்கு ஒன்று போதும். கீகேடை இறக்க 1 ஜிபிக்கு மேல் டேட்டா போகும். பிறகு இணையமே வேண்டாம்.

பாகங்கள்: ஈஸிஈடிஏவில் எல்சிஎஸ்சி (பாகங்கள் விற்கும் இணையக் கடை) பாக எண்ணைத் தட்டினால் வரைபடச் சின்னமும் ஃபுட்பிரிண்டும் (போர்டில் பாகம் உட்காரும் இடத்தின் வடிவம்) சேர்ந்தே வரும். ஆனால் பயனர்கள் ஏற்றியவற்றை அப்படியே நம்பாதீர்கள். பிசி547 டிரான்சிஸ்டரின் கால்கள் வரிசையாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) பார்க்காமல் போர்டு அடித்தால் டிரான்சிஸ்டரைத் திருப்பித்தான் செருக வேண்டும்.

கீகேட் புதியவர்களைப் படுத்தும் இடங்கள்: கிரிட்டை (வரைபடத்தின் கட்ட இடைவெளி) 50 மில்லிலிருந்து (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மாற்றினால் கம்பி காலைத் தொட்டதுபோல் தெரியும், இணைந்திருக்காது. பேட்டரி கனெக்டர் வைத்து ஈஆர்சி (இணைப்புப் பிழைகளைத் தேடும் சோதனை) ஓட்டினால் விசிசி (பாசிட்டிவ்), ஜிஎன்டி (கிரவுண்டு) இரண்டுக்கும் பவர் வரவில்லை என்று பிழை காட்டும். சர்க்யூட்டில் தப்பில்லை, இரண்டிலும் ஒரு பவர் ஃபிளாக் (PWR_FLAG, இங்கே பவர் வருகிறது என்று காட்டும்) சின்னம் வைத்தால் போய்விடும்.

நாளைக்கே ஒப்படைக்க வேண்டிய அசைன்மென்ட், அதுவும் இரவல் லேப்டாப் என்றால் ஈஸிஈடிஏ. பல வருஷம் கழித்தும் திறந்து திருத்த வேண்டிய வரைபடத்துக்குக் கீகேட்தான். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழையது திறக்காது, ஆகவே குழுவில் எல்லாரும் ஒரே பதிப்பை ஏற்றுங்கள்.