பிடித்து வைக்கும் உறை: இடுப்புத் துப்பாக்கிக்கு எது ஏற்றது?

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் நண்பர் ஒருவருக்குப் பல வருட அலைச்சலுக்குப் பிறகு கைத்துப்பாக்கி உரிமம் கிடைத்தது. கான்பூர் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர் வாங்கினார். வாங்கிய வாரமே எனக்குப் போன்.

"அண்ணாச்சி, முந்நூறு ரூவாய்க்கும் உறை கிடக்கு, எட்டாயிரத்துக்கும் கிடக்கு. ரெண்டும் துப்பாக்கி வைக்கத்தானே? எதை வாங்க?"

போனில் அரை மணி நேரம் பேசியும் தீரவில்லை. அவரைப் போல உரிமம் வைத்திருப்பவர்கள் நம் குமரி மாவட்டத்தில் பலர். ஓய்வு பெற்ற ராணுவத்தினர், தோட்டக்காரர்கள், நகைக்கடைக்காரர்கள். லட்சம் ரூபாய் கொடுத்துத் துப்பாக்கி வாங்கியவர்கள் உறை வாங்கும்போது கையைச் சுருக்குவதைப் பார்த்திருக்கிறேன். காவல் துறையில் இருந்த காலத்தில் பல வருடம் பாதுகாவலர் பணியில் இடுப்பில் துப்பாக்கியோடு கூட்டத்துக்குள் நின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு போனால் அது உடம்போடு இணைந்த உறையிலோ, அதற்கேற்ற பையிலோ இருக்க வேண்டும். வெளியே தெரியாமல் முழுதாக மூடியிருக்க வேண்டும். வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். சட்டைக்கு வெளியே கைப்பிடி தெரிய நடப்பது கெத்து என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறை படிக்க வேண்டும். உரிமப் புத்தகத்தில் எல்லையும் எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால், கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றாலும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமே துப்பாக்கியைப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் போக வேண்டும்.

பையில் வைக்கலாம் என்று விதி சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன். மார்த்தாண்டம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவரிடம் பையைக் கொடுத்துவிட்டு நிற்பது நமக்குக் கைவந்த பழக்கம். பழக்கம் யோசிக்க விடாது. உடம்போடு இருக்கும் உறைகளை மட்டுமே இங்கே ஒப்பிடுகிறேன்.

அந்த முந்நூறு ரூபாய் நைலான் உறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் பாடம் அதில்தான் இருக்கிறது. எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்பார்கள். மெத்தென்ற துணி, மேலே ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டை. என் கைக்காசில் ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன், இடுப்பை உறுத்தாது என்பதற்காக. மண்டைக்காட்டு மாசிக் கொடைக் கூட்டத்தில், நான் காவலுக்குப் போன ஐயாவின் பின்னால் நின்றிருந்தேன். நாலா பக்கமும் நெருக்கம். யாரும் துப்பாக்கியைத் தொடவில்லை. ஒரு அம்மாவின் கூடை விளிம்பு பட்டையில் உரசிப் போனது, அவ்வளவுதான். வெல்க்ரோ பிரிந்தது. அடுத்த தள்ளலில் துப்பாக்கி பாதி மேலே வந்து நின்றது. அந்த இரைச்சலில் வெல்க்ரோ பிரிந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. முழங்கையில் இரும்பு இடித்த பிறகுதான் தெரிந்தது. கூட்டம் கலையும் வரை உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டே நின்றேன். சுற்றிலும் சின்னப் பிள்ளைகள். அந்த ஒரு மணி நேரத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அதில் இன்னொரு கேடும் உண்டு. துப்பாக்கியை எடுத்ததும் உறையின் வாய் சப்பிப்போகும். திரும்ப வைக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை குழலுக்கு முன்னால் வரும். விசையை (ட்ரிக்கரை) மூடும் பகுதியும் மெல்லிய துணிதான், வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் உள்ளே விசை தட்டுப்படும். எனவே நைலான் உறை என் கணக்கில் போட்டியிலேயே இல்லை.

மூடி போட்ட பழைய பாணி உறை பலருக்குத் தெரிந்தது. தடித்த தோலோ கான்வாஸோ, துப்பாக்கி முழுவதையும் மூடும் மடிப்பு, கீழே ஒரு பித்தளைக் குமிழ். கூடவே கைப்பிடி வளையத்திலிருந்து தோளுக்குப் போகும் கயிறு, லேன்யார்டு என்போம். மழை, தூசி, ரப்பர் பால் எதுவும் உள்ளே போகாது. யாராலும் சட்டென்று உருவவும் முடியாது. பேச்சிப்பாறைப் பக்கம் தோட்டத்துக்குள் தனியாக நடப்பவருக்கு இது நல்ல உறை. ஆனால் அது பருமன். சட்டைக்குள் புடைத்துக்கொண்டு, இன்னது இருக்கிறது என்று ஊருக்கே சொல்லிவிடும். டவுனுக்குள் வருபவருக்கு ஒத்துவராது.

அடுத்தது கட்டைவிரல் பட்டை வைத்த தோல் உறை. நண்பருக்கு நான் சொன்னது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துப்பாக்கியின் உருவத்துக்கே தோலை நனைத்து அச்சுப் பிடித்திருப்பார்கள். பின்பக்கத்தில் ஒரு பட்டை ரிவால்வரின் சுத்தியலுக்கு (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் பாகத்துக்கு) மேலாக வந்து பிரஸ் பட்டனில் மாட்டும். பிடியைப் பற்றும்போது கட்டைவிரல் இயல்பாகவே அந்தப் பட்டையின் உடம்புப் பக்க நாக்கில் போய் விழும்; தள்ளினால் பட்டன் திறக்கும். முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ இழுப்பவனுக்கு இந்தக் கோணம் எளிதில் கிடைக்காது. பட்டை பூட்டியிருக்கும்வரை சுத்தியலும் பின்னுக்கு நகராது; ரிவால்வருக்கு இது தனிப் பாதுகாப்பு.

வாங்கும்போது அந்தப் பட்டையின் நாக்கை மடக்கிப் பாருங்கள். இரண்டு தோலுக்கு நடுவே தகடு வைத்துத் தைத்திருந்தால் விறைப்பாக நிற்கும். தகடு இல்லாதது ஆறு மாதத்தில் தொங்கிப்போகும். கட்டைவிரல் தள்ளும்போது பட்டன் திறக்காமல் தோல்தான் மடியும். பட்டன் பித்தளையா என்றும் பாருங்கள். குளச்சல், முட்டம் கடற்காற்றில் முலாம் பூசிய இரும்புப் பட்டன் ஒரே வருடத்தில் துருவேறி இறுகிவிடும்.

தோலின் குறையையும் மறைக்கக் கூடாது. நமக்கு இடவப்பாதி மழையும் உண்டு, துலாமழையும் உண்டு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூசணம் பிடிக்கும், அதற்குள் கிடக்கும் துப்பாக்கி துருப்பிடிக்கும். தோல் வளையங்களில் செருகி வைக்கும் தோட்டாக்களின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பேறிய தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் சரியாக இறங்காது. ஆகவே இடுப்பில் மாட்டத்தான் தோல் உறை, இரவில் துப்பாக்கி தூங்க அல்ல. வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை வெளியே எடுத்து, தோட்டாவை நீக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்துப் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். உறையை ஃபேன் காற்றில் உலர விடுங்கள். அடுப்புச் சூடும் நேர் வெயிலும் தோலைச் சுருக்கி அச்சைக் கெடுத்துவிடும்.

கைடெக்ஸ் என்பது சூட்டில் இளக்கி அச்சுப் பிடிக்கும் ஒரு வகை பிளாஸ்டிக். ஈரம் ஏறாது, பூசணம் பிடிக்காது, துப்பாக்கியை எடுத்தாலும் வாய் சப்பாது. நம் மழைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. ஆனால் சாதாரண கைடெக்ஸ் உறையில் பிடிமானம் என்பது உராய்வு மட்டும்தான். விசை வளையத்தை இறுகக் கவ்விக்கொண்டு நிற்கும். இறுக்கம் ஒரு திருகாணியில் இருக்கிறது. அந்தத் திருகாணி வண்டி அதிர்வில் தளரும். பலமாக இழுத்தால் அடுத்தவன் கைக்கும் வந்துவிடும். சட்டைக்குள் ஆழமாக மறைத்துக் காரில் போய்க் காரிலேயே திரும்புகிறவருக்கு இது போதும். பஸ்ஸில் நிற்பவருக்குப் போதாது. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் வைத்தால் அச்சு நெளியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு அச்சு ஒரு மாடலுக்குத்தான். அசானி பிஸ்டலுக்கு வார்த்ததில் நிர்பீக் ரிவால்வரை வைக்க முடியாது.

பூட்டு வைத்த உறைகளில்தான் ஜனங்கள் அதிகம் குழம்புகிறார்கள். லெவல் 1, லெவல் 2, லெவல் 3 என்று அட்டையில் போட்டிருக்கும். இந்த வரிசை 1970களில் பில் ரோஜர்ஸ் என்ற முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரி உருவாக்கியது. உறையை பெல்ட்டில் மாட்டி, ஒருவர் பிடியை மட்டும் பற்றிக்கொண்டு 5 விநாடி முழு பலத்தோடு இழுத்து முறுக்க வேண்டும். துப்பாக்கியும் வரக் கூடாது, உறையும் பெல்ட்டிலிருந்து பிய்யக் கூடாது. தாங்கினால் லெவல் 1. ஒரு பூட்டைத் திறந்துவிட்டு மறுபடி 5 விநாடி தாங்கினால் லெவல் 2. இப்படியே மேலே போகும். நல்ல சோதனைதான். ஆனால் எல்லாக் கம்பெனிகளும் இதே சோதனையைச் செய்துவிட்டு எண் போடுவதில்லை. இத்தனை பூட்டு இருக்கிறது என்று எண்ணி ஒட்டுபவர்களும் உண்டு. அதனால் எண்ணை விட்டுவிட்டு, பூட்டு எந்த விரலால் திறக்கிறது என்று கேளுங்கள்.

பிளாக்ஹாக் கம்பெனியின் செர்பா உறையும், அதைப் பார்த்துச் செய்த மலிவு நகல்களும் ஆள்காட்டி விரலால் பட்டனை அழுத்தித் திறப்பவை. பட்டன் விசை வளையத்துக்கு நேராக உறையின் வெளிப்பக்கம் இருக்கிறது. பதற்றத்தில் அழுத்திக்கொண்டே உருவும்போது, அதே விரல் அதே அழுத்தத்தோடு விசைக்குள் போய்விட வாய்ப்பு இருக்கிறது. தொடையில் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் பல பயிற்சிப் பள்ளிகள் இந்த உறையோடு வகுப்புக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டன. அதே கம்பெனி பின்னர் கட்டைவிரலால் திறக்கும் டி-சீரிஸ் என்ற உறையைக் கொண்டுவந்தது. செர்பாவில் சின்னக் கல்லோ மண்ணோ பட்டனுக்கு அடியில் சிக்கினால் துப்பாக்கி வெளியே வராமலும் போகும். நம் ஊர் ஆன்லைன் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செர்பா ரக நகல்தான். வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

சஃபாரிலேண்ட் கம்பெனியின் ஏ.எல்.எஸ். உறை வேறு மாதிரி. துப்பாக்கியை உள்ளே இறக்கியதும் தானே பூட்டிக்கொள்ளும். உடம்புப் பக்கம் இருக்கும் சிறு நெம்பியைக் கட்டைவிரல் பின்னுக்கு இழுத்தால்தான் திறக்கும். ஆள்காட்டி விரல் உறையின் மேல் நீட்டியபடியே இருக்கும், விசைப் பக்கம் போகாது. அதே கம்பெனியின் எஸ்.எல்.எஸ். மூடி கூடுதலாக வந்தால் இன்னும் ஒரு பூட்டு. சீருடையில் வெளியே தெரியத் துப்பாக்கி மாட்டும் காவலருக்கு இதற்கு இணை இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அவை கிளாக் போன்ற பிஸ்டல்களின் அச்சில் வந்தவை. கிளாக் 9 மி.மீ.; நம் நாட்டில் தனியார் உரிமத்தில் கிடைக்காத ரகம். .32 ரிவால்வர்காரர் எட்டாயிரம் கொடுத்து வாங்கினால் துப்பாக்கி உள்ளே ஆடும். ஆடினால் பூட்டு பிடிக்காது.

எந்த உறையானாலும் அதைத் தாங்குவது பெல்ட். நம்மவர்களில் பாதிப் பேர் வேட்டி கட்டுபவர்கள். பர்ஸ் வைத்த பச்சை வேட்டி பெல்ட்டில் உறையை மாட்டிக்கொண்டு வந்த ஒருவரை நாகர்கோவிலில் பார்த்தேன். நடக்க நடக்க உறை வெளியே சாய்ந்தது. துப்பாக்கியின் எடையில் பெல்ட்டே முறுகியது. மேலே நான் சொன்ன எந்தப் பூட்டும் இப்படிப்பட்ட பெல்ட்டில் வேலை செய்யாது, பிடித்து இழுப்பவன் உறையோடு கொண்டுபோய்விடுவான். இரண்டு அடுக்குத் தோல் சேர்த்துத் தைத்த 38 மி.மீ. பெல்ட் வேண்டும். வேட்டி மடிப்புக்கு மேலேயே அதை இறுக்கிக் கட்டலாம். பெல்ட்டும் உறையின் துளையும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் உறை முன்னும் பின்னும் வழுக்கும். உருவும்போது சட்டையை இடது கையால் மார்பு வரை தூக்கிவிடுங்கள். திரும்ப வைக்கும்போது சட்டை நுனியோ வேட்டி முந்தியோ உறைக்குள் போகிறதா என்று குனிந்து பார்த்தே வையுங்கள். துணி விசையில் சிக்கி வெடிப்பதும் நடக்கிறது. திரும்ப வைப்பதில் அவசரமே கிடையாது.

வாங்கியதும் வீட்டில் சோதித்துவிடுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியின் தோட்டா அறைகள் காலியா என்று இன்னொருவரும் எண்ணிப் பார்த்த பிறகு. உறையைப் பூட்டிக் கட்டில் மேல் தலைகீழாகக் குலுக்குங்கள். மாட்டிக்கொண்டு நாலு படி இறங்கி ஓடுங்கள், தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள், வண்டியில் ஏறி இறங்குங்கள். ரோஜர்ஸ் சொன்ன 5 விநாடி இழுப்பையும் வீட்டு ஆள் ஒருவரை வைத்துச் செய்யுங்கள். பிறகு கையை நனைத்துக்கொண்டு கட்டைவிரலால் பட்டனைத் திறந்து பாருங்கள். மழையில் நனைந்த விரல் வழுக்கினால் அந்த உறை நமக்கு ஆகாது.

நண்பர் கடைசியில் தகடு வைத்த தோல் உறையையும் அதற்கேற்ற பெல்ட்டையும் வாங்கிவிட்டார். கைப்பிடியில் வளையம் இருப்பதால் சின்ன லேன்யார்டு ஒன்றையும் சேர்த்து மாட்டச் சொன்னேன்; தவறி நழுவினாலும் தரைக்குப் போகாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார். நல்ல பேன்ட் சட்டை போட்டு வரட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். "சந்தைக்குப் போற அந்த வேட்டியும் சட்டையுமா வாங்க. அதுலதான் பாக்கணும்."