15.5 சதவீத ஆல்கஹால் எங்கிருந்து வருகிறது: லோடை திராட்சைத் தோட்டத்தில் அரை நாள்

கலிஃபோர்னியாவில் லோடை ஊருக்கு வெளியே ஒரு சின்னக் குடும்பத் தோட்டம். முதலில் கொடிகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள், அப்புறம் அவர்களுடைய ஒயினை ஊற்றித் தருகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில், அறுவடை நெருங்கும்போது போனோம். ஒயினுக்காக மட்டும் என்றால் போகச் சொல்ல மாட்டேன். தோட்டத்தில் நடந்த அந்த ஒரு மணி நேரத்துக்காகக் கட்டாயம் போகலாம்.

மணல் மண்ணில், பந்தலோ கம்பியோ இல்லாமல், புதர் மாதிரி நிற்கிற பழைய ஜின்ஃபாண்டல் (சிவப்பு ஒயினுக்கான திராட்சை ரகம்) கொடிகள். சுற்றிக் காட்டியவர் ஒரு குலையை அறுத்துக் கையில் கொடுத்தார். அந்த ஒரே குலையில் காய், செங்காய், பழம், வற்றல் நாலும் இருந்தன! காயைக் கடித்தால் பல் கூசுகிறது, வற்றலோ வெல்லப்பாகு. இந்த ரகத்தின் குணமே அதுதானாம். காய் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் பழம் வற்றிச் சர்க்கரை ஏறுகிறது, அந்தச் சர்க்கரைதான் ஈஸ்ட் கையில் ஆல்கஹால் ஆகிறது. சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தோம், 25 பிரிக்ஸ். அதாவது 100 கிராம் சாற்றில் 25 கிராம் அளவுக்குச் சர்க்கரை. ஒரு பிரிக்ஸுக்கு ஆல்கஹால் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் என்று கணக்குப் போட்டால் 14 சொச்சம்தானே வரணும் என்று கேட்டேன். நசுக்கித் தொட்டியில் போட்டதும் வற்றல்கள் ஊறி உள்ளே இருக்கும் சர்க்கரையை விடும், அளவு 27 வரை போய்விடும் என்றார். இது எனக்குப் புதுச் செய்தி.

ஆல்கஹால் கூடினால் நாம் வெயிலையே சொல்கிறோம். வெயிலுக்குப் பங்கு உண்டு, சூட்டில் சர்க்கரை வேகமாக ஏறிவிடும், தோலும் விதையும் அந்த வேகத்துக்குப் பக்குவப்படாது. ஆனால் வைரஸ் இல்லாத நாற்று நடுவதும், குலையைச் சுற்றி இலை கிள்ளுவதும், ஜாம் மாதிரி ருசி வேண்டுமென்று அறுவடையைத் தள்ளிப்போடுவதும் சர்க்கரையை ஏற்றிவிடும், இவை மனிதர் எடுக்கும் முடிவுகள். வரியும் ஒரு கடிவாளமாக இருந்தது. அமெரிக்காவில் 14 சதவீதம் தாண்டினால் வரி கூடும் என்ற எல்லையை 2018-இல் 16-க்கு உயர்த்திவிட்டார்கள்.

சரி, ஒயின். 15.5 போட்ட பாட்டிலைத் தகரக் கொட்டகைச் சூட்டிலேயே ஊற்றினார்கள். முதலில் பழமும் மிளகும் நன்றாகத்தான் இருந்தன, விழுங்கியதும் தொண்டை எரிந்தது, அதற்குமேல் வேறு ருசி எதுவும் பிடிபடவில்லை. அடுத்தது அதே தோட்டத்துப் பழம், இரண்டு வாரம் முன்னால் பறித்தது, 13.8. இதில் புளிப்பு உயிரோடு இருக்கிறது, பசி எடுக்க வைக்கிறது, இன்னொரு வாய் கேட்கிறது. இதைத்தான் வாங்கினேன்.

ஒரு குறை: சுவைப் பட்டியலில் ஆல்கஹால் அளவே இல்லை, பாட்டிலைத் திருப்பித்தான் பார்க்கணும். 14-க்கு மேலே லேபிள் ஒரு சதவீதம் முன்பின் இருக்கலாம், ஆனால் வரி எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம், ஆக 15.5 என்பது 16 ஆகவும் இருக்கலாம். 15.5-இல் நாலு கிளாஸ் குடித்தால் 12.5-இல் ஐந்து குடித்த மாதிரி. வண்டி ஓட்ட ஒருவர் குடிக்காமல் வரட்டும். வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுங்கள், ஊற்றும்போது, சீக்கிரமே பறித்த பழத்து ஒயினைக் கேட்டு வாங்குங்கள்.